மாமாவின்ர டின்னில 31 ஈயக் கோப்ளின், பழைய ஸ்டைல்ல ஒரு படை கட்டப்போறன், எங்க தொடங்கிறது?

வெள்ளவத்தைக்_கரை:

எல்லாருக்கும் வணக்கம். வார்ஹாமர் எண்ட மேசைப் போர் விளையாட்டின்ர சின்ன உருவங்கள் பற்றின கதை, கோப்ளின் எண்டால் அதில வாற குட்டிப் பூதம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுமையா வாசிச்சுப்போட்டு யோசனை சொல்லுங்கோ.

போன மாசம் லண்டன் மாமா, அம்மாவின்ர தம்பி, ஒரு பழைய டொபி டின்னை ஆள் மூலமாக் குடுத்துவிட்டவர். மாமா 83 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இஞ்சயிருந்து போனவர். அங்க பெற்றோல் ஷெட்டில இரவு வேலை செய்துகொண்டு படிச்சவர், சம்பளம் வாற கிழமையில ஹாமர்ஸ்மித்தில டாலிங் ரோட்டில இருந்த வார்ஹாமர் செய்யிற கேம்ஸ் வேர்க்ஷொப் கடைக்குப் போய் ஒரு சின்னப் பைக்கற் வாங்குவாராம். அந்தக் கடை 1978ல திறந்த, அந்தக் கொம்பனியின்ர முதலாவது கடை எண்டு எனக்கு இப்பதான் தெரியும். டின்னைத் திறந்தால் உள்ளுக்கு பஞ்சில சுத்தி 31 உருவம், எல்லாம் சிற்றடெல் (அந்தக் கொம்பனியின்ர உருவங்களின்ர மார்க்), எல்லாம் ஈயம். 24 காலாள் கோப்ளின், ஓநாயில ஏறின 5 பேர், ஒரு மந்திரவாதி, ஒரு ட்ரோல். கனக்க உருவத்தில காலுக்குக் கீழ இருக்கிற தகட்டில 85 எண்டு பதிஞ்சிருக்கு. இந்தக் காலத்துப் பிளாஸ்ரிக் உருவம் மாதிரி இல்லை, ஒவ்வொண்டும் ஒவ்வொரு முகம், ஒருத்தன் மூக்கை நோண்டுற மாதிரி நிக்கிறான், ஒருத்தன் பக்கத்தில நிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறான்.

காலாளில 7 பேரை மாமாவே பெயின்ற் பண்ணியிருக்கிறார், எனாமல் பெயின்ற், பளபளா எண்டு வார்னிஷ். ஒரு கோப்ளினின்ர கேடயத்தில வார்னிஷ் காய முதல் பிடிச்சிருக்கிறார் போல, அவரின்ர பெருவிரல் ரேகை அப்பிடியே பதிஞ்சு கிடக்கு. லைற்றுக்குச் சரிச்சுப் பிடிச்சால்தான் தெரியும்.

இப்ப என்ர பிளான் என்னெண்டால், 1987ல வந்த வார்ஹாமர் மூண்டாம் பதிப்பு ரூல்ஸுக்கு, கோப்ளின் மட்டும், 2000 பொயின்ற்றில ஒரு முழுப்படை (ஒவ்வொரு உருவத்துக்கும் இத்தனை பொயின்ற் எண்டு பெறுமதி இருக்கு). எக்செல்ல கணக்குப் போட்டுப் பார்த்தன், இன்னும் நூறுக்கு மேல உருவம் வேணும், அதை ஈபேயில கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம் எண்டு நினைக்கிறன், காசு சேர்த்தும் வைச்சிருக்கிறன். ஆனா வாங்கத் தொடங்க முதல் சில விசயம் தெளிவாக வேணும். உருவம் நிக்கிற அடித்தட்டு பழைய 20 மி.மீ. சதுரமா போடுறதோ, இல்லாட்டி 2024ல வந்த ஓல்ட் வேர்ல்ட் எண்ட புது வார்ஹாமர் விளையாட்டுக்குச் சரியா 25 மி.மீ. போடுறதோ, பிறகு மாத்துறதெண்டால் எல்லாத்தையும் பிச்செடுக்க வேணும். மாமா பெயின்ற் பண்ணின ஏழையும் கழுவி எல்லாரையும் ஒரே மாதிரிப் பூசுறதோ விடுறதோ. அதோட இந்தக் கடற்காத்துக்கு ஈயம் நிண்டு பிடிக்குமோ எண்டும் ஒரு பயம், நாங்கள் இருக்கிற ஃபிளற்றில யன்னல் கம்பியே ரெண்டு வருசத்தில கறள் கட்டுது. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.


ஈயப்பானை:

தம்பி, முதல்ல அந்த டின்னைப் பத்திரமா வைச்சதுக்கு மாமாவுக்கு என்ர வணக்கத்தைச் சொல்லும். வாசிச்சு முடிச்சு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தனான். நானும் அந்தக் காலத்து ஆள்தான், தெஹிவளையில இருக்கிறன்.

இனி விசயத்துக்கு வாறன். ஈபே பக்கம் இப்ப போகாதையும். நான் இதைச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. பதினைஞ்சு வருசத்துக்கு முதல் நானும் உம்மட மாதிரித்தான், 2000 பொயின்ற் கணக்குப் போட்டு, வெளிநாட்டில இருந்து வாற போற ஆக்களிட்டச் சொல்லிச் சொல்லி, 140 ஓர்க்கும் கோப்ளினும் சேர்த்தனான். சேர்த்து முடிய நாலு வருசம். அதுக்குள்ள பெயின்ற் பண்ணினது வெறும் முப்பது. மிச்சமெல்லாம் புதுசாச் செய்த மர அலுமாரிக்குள்ள, கதவை இறுக்கிப் பூட்டி, தூசு படக்கூடாது எண்டு. ஒரு நாள் திறந்து பார்த்தால் அடியில இருந்த தட்டு முழுக்க உருவத்தில வெள்ளையா மா பூத்த மாதிரி. விரலால தட்டினால் உதிருது. மூக்கு, கை விரல், ஈட்டி நுனி எல்லாம் அதோட போச்சு. ஈய அழுகல் எண்டுவாங்கள். மரத்தில இருந்து, முக்கியமாப் புது மரம், பலகை, எம்டிஎஃப் எண்ட மரத்தூள் பலகை இதுகளில இருந்து மெல்லிசா அமில ஆவி வரும், வினாகிரியில இருக்கிற அதே அசற்றிக் அமிலம்தான், காத்து வராத பெட்டிக்குள்ள அது ஈயத்தில பிடிச்சு ஈயக் காபனேற்றா மாத்திப்போடும். இஞ்சத்தை ஈரப்பதனில இன்னும் கெதியா நடக்கும். கடற்காத்தைவிட அலுமாரிதான் எதிரி, இதை நல்லா விளங்கிக்கொள்ளும்.

அந்தப் பழைய டொபி டின்னே உம்மட உருவத்துக்கு நல்ல வீடு, நாப்பது வருசம் காப்பாத்தியிருக்கு பாரும். பஞ்சை மட்டும் எடுத்துப்போடும், அது ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா ஜெல் பைக்கற் ரெண்டைப் போட்டு, மாசத்துக்கு ஒருக்காத் திறந்து பாரும். எங்கயாவது வெள்ளையாத் தெரிஞ்சால் காய்ஞ்சபடி சுரண்டக்கூடாது, அந்தத் தூள் நஞ்சு, தண்ணிக்குள்ள பிடிச்சு பழைய பல்துலக்கியால தேய்ச்சு, நல்லாக் காயவைச்சு உடன பிரைமர் அடிச்சுப்போடும். அரம் போடுறதெண்டாலும் ஈரமா, கையைக் கழுவிப்போட்டுத்தான் சாப்பாட்டில கை வைக்க வேணும். வீட்டில சின்னப் பிள்ளையள் இருந்தால் அவையின்ர கைக்கு எட்டாமல்.

அடித்தட்டு: கண்ணை மூடிக்கொண்டு 20 மி.மீ. அந்த உருவங்களை அந்த அளவுக்கெண்டுதான் வார்த்தவங்கள், 25ல வைச்சால் கோப்ளின் கூட்டம் நெருக்கியடிச்சு நிக்கிற அழகு போயிடும். ஓநாய்க்காரருக்கு 25க்கு 50. எப்பயாவது ஓல்ட் வேர்ல்ட் விளையாட ஆசை வந்தால் பிரிச்செடுக்கத் தேவையில்லை, படையை வைச்சுத் தள்ளுற தட்டில இடைவெளி விட்டுக் குழி வெட்டினால் 25 கணக்குச் சரியா வரும். தட்டை எம்டிஎஃப்ல வெட்டாதையும், காரணம் மேல சொன்னதுதான். பெயர்ப்பலகை செய்யுற கடையளில லேசர் மெசின் இருக்கும், 2 மி.மீ. அக்ரிலிக்கில ஐம்பது துண்டு வெட்டித் தாங்கோ எண்டால் மிஞ்சின துண்டிலயே வெட்டித் தருவாங்கள்.

இனித்தான் முக்கியமான கதை. நீர் முழுக்க எழுதியிருக்கிறீர், ஒரு இடத்திலயும் ஆரோட விளையாடப்போறீர் எண்டு எழுதேல்ல. கொழும்பில எத்தனை பேரிட்ட இந்த மாதிரி ஒரு படை இருக்கு? கேம்ஸ் வேர்க்ஷொப்பின்ர ஊரான நொட்டிங்ஹாமில இருக்கிறவன் ஒரு படை கட்டினால் போதும், அவனுக்கு எதிரி அடுத்த தெருவில இருப்பான். இஞ்ச இருக்கிறவன் ரெண்டு படை கட்ட வேணும். 2000 பொயின்ற் கோப்ளின் வேண்டாம், எதிரெதிரா நிக்கிற ரெண்டு சின்னப்படை, ஒவ்வொண்டும் முப்பது நாப்பது உருவம், ரெண்டும் உம்மட மேசையில. வாறவனுக்கு ஒரு பக்கத்தைத் தூக்கிக் குடும், அவன் பெயின்ற் பிறஷ் தொட்டே இருக்கத் தேவையில்லை, பகடை உருட்டத் தெரிஞ்சால் சரி.

இன்னொண்டு. 1983ல ஹாலிவெல், ப்ரீஸ்ட்லி, அன்செல் மூண்டு பேரும் போட்ட முதலாம் பதிப்பில இருந்து உம்மட 87 பதிப்பு வரைக்கும் அந்த விளையாட்டுக்கு மூண்டாவது ஆள் ஒருத்தர் வேணும் எண்டுதான் எழுதியிருந்தவங்கள். கதை சொல்லி மாதிரி, நடுவர் மாதிரி. பிற்காலத்தில அது கைவிட்டுப்போச்சு, பொயின்ற் சரிக்குச் சரி, ஆளுக்கு ஆள் எண்டு மாறிட்டுது. பழைய ஸ்டைல் எண்டு நீர் தேடுறது பழைய ஈயத்தில மட்டும் இல்லை, அந்த மூண்டாவது கதிரையிலயும் இருக்கு. ரெண்டு படையும் உம்மட எண்டால் அந்தக் கதிரையில நீரே இருக்கலாம்.


கொட்டாஞ்சேனைப்_பகடை:

ப்ரோ, அண்ணே சொன்ன ரெண்டு படை ஐடியாவுக்கு ரெண்டு கையும் தூக்குறேன். எங்க வீட்டுல நடக்குறதும் அதுதான், தம்பிக்கு ஒரு பக்கம், மச்சானுக்கு ஒரு பக்கம், ரெண்டுமே என்னோடது, ஆனா நாலு தடவ விளையாடினதுக்குப் பிறகு மச்சான் அவன் பக்கத்து ஆளுங்களுக்கு பேர் வச்சிட்டான், இப்ப என்னைய தொடவே விட மாட்டேங்குறான்.

ஆனா ரூல்ஸ் விசயத்துல நான் வேற மாதிரி சொல்லுவேன். மூணாம் பதிப்பு அருமையான புத்தகம், வாசிக்க வாசிக்க சுகம், ஆனா ஒவ்வொரு ஆளுக்கும் பன்னெண்டு எண் இருக்கும், புதுசா வர்றவனுக்கு அத வெளங்கப்படுத்தி முடிக்கவே பகல் சாப்பாட்டு நேரம் வந்திரும். நீங்க ட்ராகன் ராம்பன்ட் பாருங்க, டேனியல் மெர்சி எழுதினது, 2015, மெல்லிய புத்தகம். ஆளுக்கு 24 பொயின்ட், சாதாரண யூனிட்ல 12 பேர், குதிரைக்காரனோ ஓநாய்க்காரனோ 6 பேர். அடிக்குறப்ப 12 பகடை, பாதியா இல்லாட்டி அதுக்கும் கீழ கொறஞ்சா 6 பகடை, அவ்வளவுதான். ஒவ்வொரு யூனிட்டையும் நகத்த ரெண்டு பகடை உருட்டணும், தவறிப்போனா உங்க முறை அதோட முடிஞ்சு மத்தவன்கிட்ட போயிரும். கோப்ளின்னு நெனச்சா அது எவ்வளவு பொருத்தம் பாருங்க, தலைவன் போன்னு கத்துறான், அதுங்க நின்ன எடத்துலயே நின்னு பாக்குதுங்க.

இப்ப உங்க டின்ன எண்ணிப்பாருங்க. 24 காலாள், அது சரியா ரெண்டு யூனிட். ஓநாய் 5, ஒண்ணு கொறயுது, ஆனா இந்த ரூல்ஸ்ல உருவத்த எண்ண வேணாம் பலத்த எண்ணினா போதும், 5 பேரையே 6 பலம்னு வச்சு பக்கத்துல ஒரு சின்ன பகடைய வச்சிரலாம். ட்ரோல் தனியாவே ஒரு யூனிட். மந்திரவாதி ஒரு யூனிட்டுக்குள்ள சேந்து நிப்பாரு. மாமா உங்களுக்கு ஒரு முழு படையவே அனுப்பியிருக்காரு ப்ரோ, ஒண்ணுமே வாங்க வேணாம்.

எதிர்ப்படைக்கு என்னோட யோசன பெரி சகோதரர்களோட பிளாஸ்டிக் பெட்டி. இங்கிலாந்துல நடந்த ரோஜாப் போர் காலத்து காலாள், 1450லருந்து 1500 வரைக்கும் உள்ள ஆளுங்க, ஒரு பெட்டில 40 உருவம், வில்லும், நீட்டுத் தடில கத்தி வச்ச ஆயுதமும். அலன் பெரி, மைக்கல் பெரி, ரெட்டப்பிள்ளைங்க, இவங்கதான் எண்பதுகள்ல சிற்றடெலுக்கு நிறைய உருவம் செதுக்கினவங்க, அதனால உங்க மாமா வாங்கின கோப்ளினுக்கு எதிர்ல இவங்களோட ஆளுங்க நின்னா ஒரு குடும்பம் மாதிரி இருக்கும். அளவும் ரொம்ப மெல்லிசு, இப்ப வர்ற 32 மி.மீ. தடியனுங்க மாதிரி கோப்ளின அமுக்கிறாது.

3டி பிரின்ட் பத்தியும் சொல்லணும். அண்ணே ஒத்துக்க மாட்டாருன்னு தெரியும், ஆனா அந்த கொறயுற ஒரு ஓநாய்க்காரனுக்கு ஈபேல போய் கொட்டுறத விட, பழைய ஸ்டைல்ல செதுக்கி ஃபைலா விக்கிற ஆளுங்க இருக்காங்க, காசு குடுத்து வாங்கி ரெசின்ல அடிச்சா முடிஞ்சுது. அளவ 90 சதவீதத்துக்கு கொறச்சு ஒண்ணு அடிச்சுப் பாருங்க, பழசு பக்கத்துல வச்சா ஒட்டும்.


தூரிகைநுனி:

நான் விளையாடுறது குறைவு, பெயின்ற்தான் என்ர பக்கம், அதனால அதை மட்டும் சொல்லுறன்.

தம்பி, அந்த ஏழையும் கழுவாதீங்கோ. மற்றதெல்லாம் பிறகு கதைக்கலாம். கைரேகை இருக்கிற கேடயத்தை டெட்டோலுக்குள்ள போட்டால் ஒரு இரவில அது போயிடும், திரும்ப எங்கயும் வாங்க ஏலாது. அந்த ஏழு பேரையும் ரெண்டு யூனிற்றின்ர முன் வரிசையில நிப்பாட்டுங்கோ, மிச்சம் 17 பேரையும் அவைக்குப் பொருந்துற மாதிரி நீங்கள் பூசுங்கோ. மாமாவின்ர கை முன்னுக்கு, உங்கட கை பின்னுக்கு. எனாமல் பளபளப்பை அக்ரிலிக்கில கொண்டுவாறது கஷ்டமில்லை, கடைசியில ஒரு குளொஸ் வார்னிஷ் பிறஷ்ஷால பூசினால் கிட்டத்தட்ட ஒண்டா வரும். மற்றபடி வேற எங்கயாவது செக்கன் ஹாண்ட் வாங்கின உருவத்தைக் கழுவ டெட்டோல் நல்லது, ஆனா ஒரு நாள் ஊறவைச்சபிறகு தண்ணியில கழுவக்கூடாது, தண்ணி பட்டவுடன பெயின்ற் பிசின் மாதிரி ஒட்டிப்பிடிக்கும், முதல்ல புது டெட்டோலிலயே பல்துலக்கியால தேய்ச்சு எல்லாம் போனபிறகுதான் சவுக்காரமும் தண்ணியும்.

ஸ்பிறே பிரைமர் பற்றி ஆரும் சொல்லேல்ல. பஞ்சிகாவத்தையில கார்ச் சாமான் கடையளில விக்கிற சாம்பல் பிரைமர் ஈயத்துக்கு நல்லாப் பிடிக்கும், விலையும் பரவாயில்லை, நான் அதைத்தான் பாவிக்கிறன். ஆனா மழை இருட்டிக்கொண்டு வாற நேரம் பல்கனியில நிண்டு அடிச்சுப்போடாதீங்கோ. காத்தில ஈரம் கூடினால் மண்ணில புரட்டினது மாதிரி சொரசொரப்பா வரும். வார்னிஷ் ஸ்பிறே இன்னும் மோசம், வெள்ளைப் புகை பிடிச்ச மாதிரிப் போயிடும். தை, மாசி மாசக் காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் ஏறினபிறகு, அதுதான் கொழும்பில நல்ல நேரம். வைகாசியில இருந்து தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் நான் ஸ்பிறே கானைத் தொடுறதேயில்லை, பிறஷ்ஷால பூசுற பிரைமர்தான்.

அடித்தட்டுக்கு மண் போடுறதுக்கு எல்லாரும் வெள்ளவத்தைக் கடற்கரைக்குத்தான் போவீங்கள், உங்கட வீட்டு வாசல் எண்டே சொல்லலாம். அள்ளுங்கோ, ஆனா நல்ல தண்ணியில நாலஞ்சு தரம் கழுவி, வெயிலில விரிச்சுக் காயவைச்சுப்போட்டுத்தான் ஒட்ட வேணும். உப்பு இருந்தால் அது காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பசை இளகும், ஈயத்தையும் அரிக்கும். நான் முதல் செய்த பன்னிரண்டு பேருக்கும் இதுதான் நடந்தது, மாரி காலத்தில அடித்தட்டெல்லாம் வியர்த்த மாதிரி நிண்டுது. புல்லுக்குக் கயிற்றுத் தும்பைச் சின்னனா வெட்டிப் பசையில நட்டால் சதுப்பு நிலத்துக் கோரை மாதிரியே இருக்கும்.

கேடயம் பற்றி ஒரு ஆசை சொல்லட்டா? எண்பதுகளின்ர கோப்ளின் கேடயத்தில எல்லாம் ஒரு கோர முகம் வரைஞ்சிருப்பாங்கள், அது அந்தக் காலத்து அடையாளம். நீங்கள் அம்பலாங்கொடை முகமூடியளைப் பாருங்கோ. பிதுங்கின கண், வெளியில தள்ளின பல்லு, தலையில நாகம், மஞ்சள், சிவப்பு, பச்சை எண்டு பளீர் நிறம். எங்கட கோயில் பூத வாகனத்தையும் பாருங்கோ, அந்தக் கண்ணும் கோரைப் பல்லும் அப்பிடியே கோப்ளின்தான். 2022ல பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில சார்ஜ் லைற்றுக்குக் கீழ இருந்து நான் இப்பிடி ஒரு கேடயம் கீறினனான். வெளிச்சம் காணாததால கண்ணின்ர வெள்ளையைத் தேவையைவிடப் பெரிசா வைச்சிட்டன். விடியப் பார்த்தால் மேசையின்ர மற்றப் பக்கத்தில இருந்து பார்க்கவும் அது என்னையே முறைச்சுப் பார்க்குது. அண்டைக்குப் பிறகு எல்லாக் கேடயத்துக்கும் கண்ணைப் பெரிசாத்தான் வைக்கிறன்.


வெள்ளவத்தைக்_கரை:

நன்றி எண்டு சொன்னால் காணாது. ரெண்டு நாளா இதையே திரும்பத் திரும்ப வாசிச்சுக்கொண்டிருக்கிறன்.

எக்செல் ஷீற்றை அழிச்சிட்டன். ஈயப்பானை அண்ணை, நீங்கள் ஆரோட விளையாடப்போறீர் எண்டு கேட்டது எனக்கு உண்மையில விழுந்த இடம். எனக்கு விளையாட ஆள் இல்லை, பெரிய படை கட்டினால் ஆள் தானா வரும் எண்டு நினைச்சிருக்கிறன் போல. பகடை, நீங்கள் சொன்னபடி மேசையில அடுக்கிப் பார்த்தன், ரெண்டு யூனிற், ஓநாய், ட்ரோல், மந்திரவாதி, கச்சிதமா நிக்குது, அதைப் பார்த்த உடன மனசு ஆறிட்டுது. ஓநாய்க்காரன் ஐஞ்சு பேராவே நிக்கட்டும், ஆறாவது ஆளை அச்சடிக்கவும் இல்லை வாங்கவும் இல்லை, மாமா வாங்கினது ஐஞ்சுதானே. அக்கா, ஏழு பேரும் முன் வரிசையில ஏறிட்டினம், ஆர் சொன்னாலும் இனி இறக்க மாட்டன்.

எதிர்ப்படைக்குப் பெரி பெட்டி ஒண்டு, அது மட்டும்தான் இந்த வருசம் வாங்குறது. அதுக்கு ஒரு கதை யோசிச்சிருக்கிறன், சரியோ எண்டு பாருங்கோ. பேரை வாவி போர்த்துக்கீசர் காலத்தில கோட்டையைக் காக்கிறதுக்கெண்டு உண்டாக்கின தண்ணி எண்டு பள்ளிக்கூடத்தில படிச்சது. அதே மாதிரி ஒரு கற்பனைத் துறைமுகக் கோட்டை, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் சேறும் கோரையுமா ஒரு வாவி. கோட்டைக்குள்ள கூலிக்கு வந்த காவல்காரர், ஊதியம் ஆறு மாசமா வரேல்ல. வாவிச் சேத்துக்குள்ள கோப்ளின். அதுகளுக்கு நாடு பிடிக்கிற எண்ணம் ஒண்டும் இல்லை, பசி. பரணிப் பாட்டுகளில போர் முடிய பேயள் எல்லாம் கூடிக் களத்திலயே கூழ் காய்ச்சிக் குடிக்குமே, அதை வாசிச்ச நாளில இருந்து என்ர மண்டைக்குள்ள நிக்குது. அந்த மாதிரி என்ர கோப்ளினுக்கும் ஒரு பெரிய கூழ்ப்பானை வேணும், பானையைத் தூக்கிக்கொண்டுதான் சண்டைக்கு வருங்கள், கோட்டைக் களஞ்சியத்தில இருந்து அரிசி எடுத்துப் பானையை நிரப்பினால் வெற்றி, ஆரைக் கொண்டாலும் கொல்லாட்டிலும் பரவாயில்லை. மாமாவின்ர ஏழு பேரும் பானைக்குக் காவல். பானையை எதில செய்யிறது எண்டுதான் யோசிக்கிறன்.


ஈயப்பானை:

இதுதான் தம்பி. இந்தக் கூழ்ப்பானை கையில இருந்தால் 2000 பொயின்ற் தேவையில்லை.

பானைக்கு: வீட்டில பழைய வட்ட மணி, பாசி மாலை ஏதும் அறுந்து கிடந்தால் பெரிய மணி ஒண்டின்ர மேல்பக்கத்தை அரத்தால தட்டையாக்கி, எபொக்சிப் பசையால வாய் விளிம்பு உருட்டி வைச்சால் சரி. ரெண்டு பக்கமும் தூக்கிற காவுதடிக்கு ஈர்க்கு வேண்டாம், ஒருக்கா விழுந்தால் முறிஞ்சிடும், கம்பி போடும். ஈட்டி வளைஞ்ச கோப்ளினுக்கும் அதே கம்பிதான், ஈயத்தைத் திரும்பத் திரும்ப நிமித்தினால் அடியோட அறுந்துபோகும்.

நடுவரா நீர் இருக்கிற முதல் சண்டைக்கு ஒரு சின்ன வேலை சொல்லுறன். ரெண்டு கடித உறை எடுத்து, ஆளுக்கொண்டு, மற்றவனுக்குத் தெரியாமல். கோட்டைக்காரனுக்கு எழுதும்: களஞ்சியத்தில அரிசி மூட்டை ஐஞ்சு, ஆனா ஒண்டில அரிசி இல்லை, உங்கட ஆறு மாசச் சம்பளக் காசு, அதை மட்டும் விடக்கூடாது, எந்த மூட்டை எண்டு உமக்கு மட்டும் தெரியும். கோப்ளின்காரனுக்கு எழுதும்: மூண்டு மூட்டை பானையில விழுந்தால் நீ வெண்டாய், ஆனா ட்ரோலுக்கு இண்டைக்கு ஒண்டும் குடுக்கேல்ல, மூண்டாவது முறைக்குள்ள அதுக்கு ஒரு மூட்டை போடாட்டி அது பானைக்குத் திரும்பும். பிறகு நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை, கதிரையில இருந்து பாரும். காசு மூட்டையைக் காப்பாத்தப் போறவன் அரிசியைத் தானாவே விட்டுக்குடுப்பான், அதைப் பார்த்து மற்றவனுக்குச் சந்தேகம் வரும், ரூல் புத்தகத்தில இல்லாத ஒரு கேள்வியை உம்மட்டக் கேப்பினம், நீர் ஒரு பகடையை உருட்டிப் பதில் சொல்லுவீர். அந்தக் காலத்தில நாங்கள் விளையாடினது இதைத்தான்.

வாற பூரணைக்கு லீவுதானே. பகடைத் தம்பிக்கும் வசதி எண்டால் நான் தெஹிவளையில இருந்து பஸ்ஸில வாறன், எனக்கு எந்தப் பக்கம் தந்தாலும் சரி. பெரி பெட்டி வந்து சேராட்டிலும் பரவாயில்லை, என்னட்ட மிஞ்சின முப்பது மனிசர் இருக்கினம், பிஸ்கட் டின்னுக்குள்ள காந்தம் ஒட்டிக் கொண்டுவாறன்.


கொட்டாஞ்சேனைப்_பகடை:

நான் ரெடி அண்ணே. 155 பஸ்ல ஏறினா நேரா வந்திரலாம். நான் கோட்டக்காரன் பக்கம், எனக்கு அந்த உறை வேணும்.


வெள்ளவத்தைக்_கரை:

பூரணைக்கு எல்லாரும் வாங்கோ, அக்கா நீங்களும், மேசை யன்னல் பக்கத்தில போட்டு வைக்கிறன், அம்மா இப்பவே என்ன சமைக்கிறது எண்டு கேக்கிறா, கூழ் எண்டு சொல்லியிருக்கிறன், ஒடியல் மா வீட்டில கிடக்கு.

நேற்றிரவு அடுக்கின படையைப் படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினனான், ரேகை தெரியிற மாதிரி அந்தக் கேடயத்தைத் தனியாவும். அங்க பின்னேரம், உடன வொய்ஸ் மெசேஜ் போட்டவர். வேலைக்கு நேரமாச்சுதாம், பஸ்ஸைப் பிடிக்கவேணும் எண்ட அவசரத்தில காய முதல் எடுத்து டின்னுக்குள்ள வைச்சதாம், அண்டைக்கு வேலை முழுக்கப் பெருவிரலில பச்சை இருந்ததாம். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை, நான் முடிஞ்சுது எண்டு நினைச்சன், திரும்பக் கதைக்கிறார், அந்தப் பச்சை ஹம்ப்ரோல் 80, டின் மூடியில நம்பர் இருக்கும், எங்கயும் கிடைச்சால் அதையே வாங்கு எண்டு. நாப்பது வருசம் கழிச்சும் நம்பரை ஞாபகம் வைச்சிருக்கிறார்.

தூரிகைநுனி அக்கா, ஹம்ப்ரோல் 80க்குக் கிட்ட வாற மாதிரி அக்ரிலிக்கில எந்தப் பச்சையை எடுக்கிறது? 17 பேரும் பிரைமர் அடிச்சுக் காய்ஞ்சு நிக்கினம்.